பழைய குடும்பக் கார்: பெட்ரோலா, டீசலா? தர்மபுரி, கிருஷ்ணகிரிச் சாலைகளை வைத்து ஒரு கணக்கு

தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ பழைய கார் விற்கும் ஒரு கன்சல்டிங்குக்குப் போய், பெரியவர்கள் இருவரையும் பிள்ளைகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு போக ஐந்து லட்சத்துக்குள் ஒரு வண்டி வேண்டும் என்று கேட்டால், அங்கே வரிசையில் நிற்பவற்றுள் பெரும்பாலானவை 2013க்கும் 2019க்கும் இடையில் பதிவான ஸ்விஃப்ட், டிசையர், ஐ20, எட்டியோஸ், எர்டிகா போன்றவையாகவே இருக்கும். ஒரே மாடல், ஒரே ஆண்டு. பெட்ரோலும் டீசலும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். வாங்க வந்தவர் முதலில் கேட்பது "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" என்பதைத்தான். அந்தக் கேள்விக்கு டீசல் வண்டியிடம் எப்போதும் நல்ல பதில் உண்டு. ஆனால் பழைய வண்டியைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிக்க வேண்டியவை வேறு இரண்டு. வாங்கிய பிறகு அந்த வண்டி ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் எவ்வளவு தூரம் தொடர்ந்து ஓடப்போகிறது என்பது ஒன்று. நம் கைக்கு வருவதற்கு முன் அது எப்படிப்பட்ட ஓட்டம் ஓடியிருக்கிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் கேட்காமல் மைலேஜை மட்டும் கேட்டு டீசல் வாங்கிய குடும்பங்கள், எரிபொருளில் மிச்சம் பிடித்ததை மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் கொடுப்பது இவ்விரு மாவட்டங்களிலும் சாதாரணமாக நடக்கிறது.

இத்தனை டீசல் வண்டிகள் எங்கிருந்து வந்தன

பழைய கார் சந்தையில் டீசல் வண்டிகள் குவிந்து கிடப்பதற்கு அரசின் விலைக் கொள்கையே காரணம். 2010 ஜூன் மாதத்தில் மத்திய அரசு பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை விலக்கிக்கொண்டது. லாரிக்கும் பேருந்துக்கும் உழவுக்கும் வேண்டியது என்பதால் டீசலுக்கு அந்தக் கட்டுப்பாடு 2014 அக்டோபர் வரை நீடித்தது. இடைப்பட்ட அந்த நான்கு ஆண்டுகளில் பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போக, டீசல் விலை கட்டுக்குள் நின்றது. 2012 மே மாத இறுதியில் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாய்க்கும் டீசல் 41 ரூபாய்க்கும் விற்றன. லிட்டருக்கு 30 ரூபாய்க்கும் மேல் வித்தியாசம் என்றால், மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டுபவர்கூட டீசல் வாங்குவதில் ஒரு நியாயம் இருந்தது. அந்த ஆண்டுகளில் விற்ற புதிய கார்களில் பாதிக்கும் மேல் டீசலாக இருந்ததற்கு அதுவே காரணம்.

இன்று அந்த வித்தியாசம் இல்லை. 2024 மார்ச் விலைக் குறைப்புக்குப் பின் சென்னையில் பெட்ரோல் 101 ரூபாயை ஒட்டியும் டீசல் 92 ரூபாயைத் தாண்டியும் நின்றன. அதாவது இடைவெளி எட்டு ரூபாய் அளவுக்குச் சுருங்கிவிட்டது. கொண்டுவரும் செலவு சேர்வதால் நம் பக்கத்து பெட்ரோல் பங்க்குகளில் இரண்டுமே கொஞ்சம் கூடுதலாக இருக்கும், இடைவெளி மட்டும் அப்படியேதான். முப்பது ரூபாய் வித்தியாசம் இருந்த காலத்தில் பிறந்த "டீசல்தான் லாபம்" என்ற பேச்சு எட்டு ரூபாய் வித்தியாசத்திலும் மாறாமல் நிற்கிறது. வாங்குபவர் முதலில் விடவேண்டியது அந்தப் பழைய கணக்கை.

சந்தையை மாற்றிய இன்னொரு நிகழ்வு 2020 ஏப்ரல் 1ஆம் தேதி நடந்தது. பி.எஸ். 4 மாசு விதியிலிருந்து நாடு முழுவதும் நேராக பி.எஸ். 6க்குத் தாவியது. சிறிய டீசல் எஞ்சினை அந்த விதிக்கு ஏற்ற மாதிரி மாற்றும் செலவு, அந்த வண்டிகளின் விலைக்குக் கட்டுப்படியாகவில்லை. மாருதி அன்றோடு டீசல் கார்களை நிறுத்தியது. ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகாவில் மட்டுமின்றி டாடா, ஃபியட் வண்டிகளிலும் பெயர் மாறி உட்கார்ந்திருந்த 1,248 சி.சி. ஃபியட் எஞ்சினின் காலம் அத்துடன் முடிந்தது. ரெனோவும் டீசலைக் கைவிட்டது. ஹோண்டா 2023 வாக்கில் நிறுத்தியது. ஃபோர்டு 2021இல் இந்தியாவில் கார் தயாரிப்பையே நிறுத்துவதாக அறிவித்தது. ஆகவே மாருதியின் சிறிய டீசல் கார் என்று இன்று கிடைப்பதில் மிக இளையதே அநேகமாக 2020 தொடக்கத்துப் பதிவாக இருக்கும். இனி இவ்வகை வண்டிகளுக்கு வயது ஏறிக்கொண்டே போகுமே தவிர, புதிதாக வந்து சேரப் போவதில்லை. ஹூண்டாய், கியா, டாடா, மஹிந்திரா, டொயோட்டா ஆகியோரிடம் டீசல் உண்டு. அவை பெரும்பாலும் விலை கூடிய, பெரிய வண்டிகள்.

எஞ்சினுக்குள் நடப்பது

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காக அழுத்தி, பிளக்கின் பொறியால் எரிக்கிறார்கள். டீசல் எஞ்சினில் பொறி கிடையாது. காற்றை மட்டும் பதினாறில், பதினேழில் ஒரு பங்காக அழுத்தும்போது அது கொதித்துச் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பனித்துளியைவிட நுண்ணியதாகப் பீய்ச்சினால் அதுவே பற்றிக்கொள்கிறது. அழுத்தம் கூடுதல் என்பதால் எரிபொருளிலிருந்து கிடைக்கும் வேலையும் கூடுதல். ஒரு லிட்டர் டீசலில் அடங்கிய ஆற்றலும் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட பத்து சதவீதத்துக்கு மேல் அதிகம். டீசல் வண்டி கூடுதல் மைலேஜ் தருவதன் அடிப்படை இவ்வளவுதான்.

அதே அழுத்தம்தான் செலவுக்கும் அடிப்படை. டீசலை ஒரே பொதுக் குழாயில் அழுத்தி வைத்திருக்கும் இன்றைய காமன் ரெயில் டீசல் எஞ்சினில் பம்ப் உண்டாக்கும் அழுத்தம் ஆயிரம் பாருக்கும் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) மேல் போகும். நம் கார் டயரில் இருப்பது இரண்டு பாருக்குச் சற்று அதிகம். அத்தகைய அழுத்தத்தைத் தாங்கும் பம்ப், டீசலைப் பீய்ச்சும் மயிரிழைத் துளைகள் கொண்ட இன்ஜெக்டர், எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்க நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போ, கனமான கிளட்ச் ஆகிய எல்லாமே நுட்பமாகச் செய்யப்பட்ட, விலை கூடிய பாகங்கள். டீசலில் கொஞ்சம் தண்ணீர் கலந்திருந்தால், அல்லது டீசல் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றாமல் விட்டிருந்தால், முதலில் அடிபடுவது இன்ஜெக்டர். நான்கையும் புதிதாக மாற்றினால் செலவு அரை லட்சத்தை எளிதாகத் தொடும். பெட்ரோல் வண்டியில் இதற்கு ஈடாக வரும் வேலைகள் பிளக், இக்னிஷன் காயில், த்ராட்டில் பாடி சுத்தம் செய்வது போன்றவை. அவற்றைச் சில ஆயிரங்களில் முடித்துவிடலாம்.

இழுவையில் உள்ள வித்தியாசத்தை எண்களில் பார்ப்பது நல்லது. 1.3 டீசல் ஸ்விஃப்ட் 190 நியூட்டன் மீட்டர் திருகுவிசையை நிமிடத்துக்கு 2,000 சுற்றிலேயே கொடுத்துவிடும். அதே ஸ்விஃப்டின் 1.2 பெட்ரோல் ஏறக்குறைய 115 நியூட்டன் மீட்டரைத்தான் தரும், அதையும் 4,000 சுற்றுக்குக் கொண்டுபோனால்தான் தரும். இந்த வேறுபாடு சமவெளியில் பெரிதாகத் தெரியாது. நம் மாவட்டங்கள் சமவெளி இல்லை. சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் உயரத்துக்குள் இருக்கிறது. ஓசூர் 850 மீட்டருக்கு மேல். சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறி, தர்மபுரி, கிருஷ்ணகிரி வழியாக ஓசூர் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை மொத்தத்தில் ஓர் ஏற்றம்.

தொப்பூரில் ஏறும்போது பார்த்தால் விளங்கும். ஏழு பேரும் பின்னால் இரண்டு பெட்டியும் உள்ள பெட்ரோல் எர்டிகா, ஏ.சி. ஓடிக்கொண்டிருக்க, முன்னால் முக்கிக்கொண்டு ஏறும் லாரியைத் தாண்ட வேண்டுமானால் நான்காவது கியரிலிருந்து மூன்றுக்கு, சில சமயம் இரண்டுக்கே இறங்க வேண்டும். எஞ்சின் இரைச்சல் உள்ளே பேச்சை மறைக்கும்; வண்டி ஏறாமல் நிற்காது, ஆனால் ஓட்டுநருக்கு வேலை அதிகம். டீசல் எர்டிகா மூன்றாவது கியரில் சத்தம் கூடாமல் போய்விடும். வத்தல்மலையின் கொண்டை ஊசி வளைவுகளிலும், தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி இறங்கி ஏறும் காட்டுப் பாதையிலும் இதே வேறுபாடு இன்னும் அழுத்தமாகத் தெரியும். ஆள் நிறைய ஏறும் குடும்பம், அடிக்கடி மலைப்பாதை, நீண்ட பயணம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் டீசலுக்கு உண்மையான பயன் உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை ஏற்காடு போவதற்காக மட்டும் அந்த இழுவை தேவையில்லை.

ஏற்றத்துக்குப் பிறகு உடனே வண்டியை அணைக்கும் பழக்கம் டர்போவுக்கு ஆகாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மலை ஏறிய உடனோ, நெடுஞ்சாலையில் வேகமாக வந்து உணவகத்தில் நிறுத்திய உடனோ அணைத்தால், சூடாகச் சுழலும் டர்போவின் பேரிங்குக்கு ஆயில் வருவது நின்று, உள்ளே இருக்கும் ஆயில் கருகிவிடும். ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைக்க வேண்டும். முந்தைய உரிமையாளர் இதைச் செய்தாரா என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்றே சொல்வார்கள். டர்போவின் சத்தத்தில்தான் பதில் இருக்கிறது.

மாத ஓட்டம் எவ்வளவு

எண்களை வட்டமாக எடுத்துக்கொண்டு கணக்குப் போடலாம். பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய். ஊருக்குள்ளும் வெளியிலும் கலந்து ஓடும் பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக் லிட்டருக்கு 14 கிலோமீட்டரும், டீசல் 19 கிலோமீட்டரும் தருவதாக வைத்துக்கொள்வோம். பெட்ரோலுக்குக் கிலோமீட்டருக்கு 7 ரூபாய் 21 காசு. டீசலுக்கு 4 ரூபாய் 89 காசு. கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 32 காசு மிச்சம். இதற்கு எதிராக, அதே மாடல், அதே ஆண்டு டீசல் வண்டிக்குக் கூடுதலாகக் கேட்கும் விலை 60,000 ரூபாய் என்றும், கூடுதல் ஆயில், ஃபில்டர் செலவோடு என்றாவது வரப்போகும் இன்ஜெக்டர், டர்போ, கிளட்ச் வேலைக்கு எடுத்துவைக்க வேண்டியதையும் சேர்த்து ஆண்டுக்குக் குறைந்தது 10,000 ரூபாய் என்றும் வைப்போம்.

மாதம் 500 கிலோமீட்டர் ஓடும் குடும்பத்துக்கு ஆண்டு எரிபொருள் மிச்சம் 13,900 ரூபாய். அதில் பராமரிப்பு போக 3,900. கூடுதலாகக் கொடுத்த 60,000 திரும்பி வரப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். அதற்குள் வண்டியின் பதிவுக் காலமே முடிந்துவிடும். மாதம் 1,000 கிலோமீட்டர் என்றால், ஓட்டம் கூடுவதால் பராமரிப்பை 12,000 ஆக்கினாலும் ஆண்டுக்கு ஏறக்குறைய 15,800 ரூபாய் நிற்கும்; நான்கு ஆண்டுகளுக்குள் முதல் திரும்பிவிடும். 1,500 கிலோமீட்டரில், பராமரிப்புக்கு 14,000 ஒதுக்கிய பின்னும் 27,700 ரூபாய் நிற்பதால் இரண்டு ஆண்டும் இரண்டொரு மாதமும் போதும். நம் வண்டியின் மைலேஜ் வேறாக இருக்கலாம், கேட்கும் விலை வேறாக இருக்கலாம். கணக்குப் போடும் முறை இதுதான். என் மதிப்பில், மாதம் 1,000 கிலோமீட்டருக்குக் கீழே ஓடுபவர் டீசலைத் தேடிப்போக வேண்டிய அவசியமே இல்லை.

இந்தத் தூரத்தை மனக்கணக்கில் எல்லோரும் கூட்டிச் சொல்கிறோம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஓசூர் சிப்காட்டில் வேலை செய்து, கம்பெனி பேருந்தில் போய்வந்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கார் எடுக்கும் குடும்பம் மாதம் 400 கிலோமீட்டரைத் தாண்டுவது அரிது. நேர்மாறாக, தர்மபுரியில் குடியிருந்துகொண்டு பென்னாகரம் பக்கம் பள்ளிக்குத் தினமும் காரில் போய்வரும் ஆசிரியருக்கு வேலை நாளில் மட்டுமே 1,200 கிலோமீட்டருக்கு மேல் வரும். அந்த ஓட்டம் நின்று நின்று போகாமல் சீராகவும் இருக்கும். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் ஒரு முறை போய்வர 180 கிலோமீட்டர். வாரம் ஒருமுறை மருத்துவமனைக்கோ மகள் வீட்டுக்கோ போகிறவருக்கு மாதம் 700 கிலோமீட்டர் அதிலேயே சேர்ந்துவிடும்.

பெட்ரோல் பக்கமும் ஒரு குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2025இல் நாடு முழுவதும் பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்தான் பொதுவாகக் கிடைக்கிறது. 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகளில் பெரும்பாலானவை 10 சதவீதத்தை நினைத்துச் செய்யப்பட்டவை. எத்தனாலில் ஆற்றல் குறைவு என்பதால் மைலேஜ் குறையும். இத்தகைய பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட எத்தனால் வழித்திட்டமே சொன்னது. மேலே பெட்ரோலுக்கு 15 போடாமல் 14 போட்டதற்குக் காரணம் அதுதான். எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. மாதக் கணக்கில் நிறுத்திவைக்கும் பழைய பெட்ரோல் வண்டியில் எரிபொருள் குழாயும் ரப்பர் வாஷர்களும் கெட்டுப்போக வாய்ப்பு அதிகம். பத்து வயதைத் தாண்டிய பெட்ரோல் வண்டி வாங்கினால், எரிபொருள் வரும் ரப்பர் பாகங்களைப் பார்த்து மாற்றிக்கொள்வது நல்லது. அந்தச் செலவு ஓர் இன்ஜெக்டரின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

காப்பீட்டில் ஒரு சிறு கணக்கு. மூன்றாம் நபர் பிரீமியம் எரிபொருளைப் பார்ப்பதில்லை, சி.சி.யைப் பார்க்கிறது. 2022 ஜூனில் நடப்புக்கு வந்த விகிதப்படி 1,000 முதல் 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய். அதற்கு மேல் 7,897 ரூபாய். 2,494 சி.சி. பழைய இன்னோவா வாங்குபவர் டீசல் மிச்சத்தில் இதையும் கழித்துக்கொள்ள வேண்டும்.

குறுகிய ஓட்டம் டீசலை என்ன செய்யும்

தர்மபுரி நகரத்தில் வாழும் ஒரு குடும்பத்தின் கார் ஒரு நாளில் போகும் இடங்கள் பள்ளி, உழவர் சந்தை, பேருந்து நிலையம், கோயில். ஒவ்வொன்றும் மூன்று நான்கு கிலோமீட்டருக்குள். டீசல் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வரப் பெட்ரோலைவிட அதிக நேரம் பிடிக்கும். சூடேறுவதற்குள் அணைத்துவிட்டால் அரைகுறையாக எரிந்த கரி உள்ளேயே தங்கும். பி.எஸ். 4 வண்டிகளில் அது, புகையில் ஒரு பங்கை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்விலும், காற்று உள்ளே போகும் இன்டேக் வழியிலும் தார் போலப் படிந்து, இழுவை குறைந்து, புகை கூடி, கடைசியில் டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரியும். பிரித்துக் கழுவினால் சரியாகிவிடும், ஆனால் ஓட்டம் மாறாவிட்டால் திரும்பவும் வரும்.

பி.எஸ். 6 டீசலில் இதைவிடப் பெரிய சிக்கல் உள்ளது. புகைக்குழாயில் டி.பி.எஃப். என்ற வடிகட்டி கரித்துகளைப் பிடித்துவைக்கும்; குறிப்பிட்ட அளவு சேர்ந்ததும் 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி அதை எரித்துச் சாம்பலாக்கும். இது நடக்க வண்டி பதினைந்து இருபது நிமிடமாவது நல்ல வேகத்தில் தொடர்ந்து ஓட வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரிக்கு ஒரே ஓட்டமாகப் போய்வந்தால் தானாக முடிந்துவிடும் வேலை இது. ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டியில் ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றுபோய், எரிக்கத் தெளித்த டீசல் ஆயிலோடு கலந்து, டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறும். ஆயில் ஏறியிருப்பதைக் கண்டு மகிழ்ந்துவிடக் கூடாது. எஞ்சினுக்கு அது ஆபத்து. டி.பி.எஃப். முழுதாக அடைத்துக்கொண்டால் மாற்றும் செலவு, இந்த விலைக்கு வண்டி வாங்குகிற குடும்பத்தின் பட்ஜெட்டைக் கவிழ்த்துவிடும். பி.எஸ். 6 டீசலை வாங்க நினைப்பவர் வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓட்டுபவராக இருப்பது கட்டாயம். வண்டி எந்த விதிக்கு உட்பட்டது என்பது ஆர்.சி.யிலேயே இருக்கும், எம்-பரிவாஹன் செயலியில் பதிவு எண்ணைப் போட்டாலும் தெரியும்.

பார்க்கப் போகும்போது

டீசல் வண்டியைப் பார்க்க மெக்கானிக்கோடு விடியற்காலையில் போக வேண்டும், எஞ்சினை முன்கூட்டியே கிளப்பிவைக்கக் கூடாது என்று விற்பவரிடம் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். பானெட்டில் கை வைத்துச் சூடில்லை என்று உறுதி செய்த பின்னரே சாவியைப் போட வேண்டும். ஹீட்டர் பிளக் விளக்கு அணைந்ததும் செல்ஃப் அடித்தால் இரண்டு மூன்று சுற்றில் பிடிக்க வேண்டும். நீண்ட நேரம் சுழன்று பிடித்தாலோ, பிடித்ததும் உதறினாலோ இன்ஜெக்டரிலோ பம்பிலோ அழுத்தக் கசிவு இருக்கலாம். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பார்த்தால், லேசான ஆவி இருக்கலாம். குபுகுபுவென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, எஞ்சின் வேலை வரப்போகிறது என்று பொருள். ரேஸ் கொடுக்கும்போது கரும்புகை வந்து மறைவது ஒரு கணம் என்றால் பொறுக்கலாம். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப்புகை சூடேறிய பின்னும் நிற்காவிட்டால் அந்த வண்டியை விட்டுவிடலாம். டர்போ விசில் மெல்லியதாக இருக்க வேண்டும். சைரன் போல ஏறி இறங்கினால் அதன் காலம் முடிந்துவருகிறது.

ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த நிலையில் திறந்து பார்ப்பதை இந்த மாவட்டங்களில் யாரும் தவறவிடக் கூடாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இங்கே வந்ததே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதால்தான். நிலத்தடி நீர் அப்படிப்பட்டது. குடிக்க ஆகாத அந்தக் கடின நீரைப் பல வீடுகளில் ரேடியேட்டரில் மட்டும் தயங்காமல் ஊற்றுகிறார்கள். கூலன்ட் பச்சையாகவோ சிவப்பாகவோ தெளிவாக இருக்க வேண்டும். செங்கல் நிறத்தில் துருநீரும், மூடியின் ரப்பரைச் சுற்றி வெள்ளைப் பொருக்கும் தெரிந்தால், எஞ்சினுக்குள் நீர் ஓடும் வழிகளிலும் அதே பொருக்கு படிந்திருக்கும். தொப்பூர் ஏற்றத்தில் சூடு ஏறுவதும், ஹெட் கேஸ்கெட் போவதும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. பெட்ரோலுக்கும் இது பொருந்தும். அழுத்தமும் பாரமும் கூடிய டீசலில் விளைவு கடுமையாக இருக்கும்.

எஞ்சினுக்கு எஞ்சின் கேட்க வேண்டியதும் மாறும். 1.3 ஃபியட் எஞ்சினில் டைமிங் செயின். கிளப்பியதும் முன்பக்கத்தில் சலசலப்புக் கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும். டஸ்டரின் 1.5 டீசலிலும் பழைய இன்னோவாவின் 2.5 டீசலிலும் டைமிங் பெல்ட். எத்தனை கிலோமீட்டரில் மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றும் செலவை விலையில் குறைத்துக் கேட்பதே முறை. உதிரி பாகமும் கைப்பழக்கமும் எளிதாகக் கிடைப்பது ஃபியட் எஞ்சினுக்குத்தான். அரூரிலோ காவேரிப்பட்டினத்திலோ அதைப் பிரித்துப் பார்த்திராத டீசல் மெக்கானிக் அபூர்வம்.

விலை பேசும்போது நினைவில் வைக்க வேண்டியது, 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களின் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது என்பது. புதிய வண்டி விலை இறங்கினால் பழைய வண்டி பழைய விலையில் நிற்க முடியாது. பத்து ஆண்டு ஆன டீசலை ஓட்டக்கூடாது என்ற பேச்சும் சந்தையில் உலவுகிறது. அந்தக் கட்டுப்பாடு டெல்லித் தலைநகர்ப் பகுதிக்காக வந்தது. தமிழ்நாட்டில் தனியார் கார், பெட்ரோலானாலும் டீசலானாலும், பதினைந்து ஆண்டு ஆனதும் சோதனைக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பித்து ஓட்டலாம். புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் டெல்லியில் ஓட்ட முடியாத டீசல் வண்டிகள் தெற்கே வந்து விற்பனையாகின்றன என்பதால், விலை வியப்பூட்டும் அளவுக்குக் குறைந்திருந்தால் முதல் பதிவு எங்கே என்று பார்க்க வேண்டும்.

கே.ஏ. பதிவு வண்டிகள்

நம் பக்கம் விற்பனைக்கு வரும் டீசல் வண்டிகளில் பெங்களூர் வண்டிகள் கணிசம். மீட்டரில் 60,000 கிலோமீட்டர்தான் காட்டும். பார்க்கவும் பளிச்சென்று இருக்கும். ஆனால் சில்க் போர்டு நெரிசலில் மணிக்குச் சராசரி 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்த வண்டிக்கு 60,000 கிலோமீட்டர் என்பது 3,000 மணி நேர எஞ்சின் ஓட்டம். தர்மபுரிக்கும் சேலத்துக்கும் இடையே சராசரி 60 கிலோமீட்டர் வேகத்தில் 1,20,000 கிலோமீட்டர் ஓடிய டி.என். 29 வண்டியின் எஞ்சின் ஓடியது 2,000 மணி நேரம்தான். மீட்டரைத் திருப்பாத, நேர்மையான விற்பனையிலேயே நிலைமை இது. முன்னதில் கிளட்ச்சும் ஈ.ஜி.ஆரும் களைத்திருக்கும், பின்னதில் சஸ்பென்ஷன் தேய்ந்திருக்கும், எஞ்சின் பெரும்பாலும் நலமாக இருக்கும். டீசலில் ஓட்டத்தின் அளவைவிட ஓட்டத்தின் தன்மையை நம்பலாம் என்று சொல்வது இதனால்தான்.

டாக்ஸியாக ஓடி, பின்னர் மஞ்சள் போர்டை வெள்ளை போர்டாக மாற்றிய டிசையர், எட்டியோஸ், எக்ஸென்ட் டீசல்களும் இதில் கலந்து வரும். ஆர்.சி. வரலாற்றில் வகை மாறியது தெரியும். ஓட்டுநர் இருக்கையின் வலது ஓரம் நைந்திருப்பது, கிளட்ச், பிரேக் பெடல் ரப்பர்கள் மழுங்கியிருப்பது, பின் கதவின் உள்பிடி வழுவழுப்பாகியிருப்பது ஆகியவை மீட்டர் சொல்லாததைச் சொல்லும். குடும்பக் காரில் பின் கதவு அவ்வளவு முறை திறக்கப்பட்டிருக்காது.

கர்நாடகப் பதிவு வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டுவதானால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி டி.என். 24, 29 அல்லது 70 எண்ணுக்கு மறுபதிவு செய்தாக வேண்டும். அதற்கு அங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வேண்டும், வண்டியின் வயதுக்கேற்ப தமிழ்நாட்டு வாழ்நாள் வரியை மீண்டும் கட்ட வேண்டும். கர்நாடகத்தில் கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் அது வந்து சேரும்வரை பணம் நம் கையிலிருந்து போனதுதான். புதிய வண்டியின் விலையை வைத்தே வரி அமையும் என்பதால் பெட்ரோலைவிட விலை கூடிய டீசல் வண்டிக்கு இந்தத் தொகையும் கூடும். கன்சல்டிங்கில் சொல்லும் விலைக்கு மேல் இவ்வளவும் சேர்ந்த பிறகே அது உள்ளூர் வண்டியைவிட மலிவா என்று ஒப்பிட வேண்டும். வங்கிக் கடன் நீக்கப்பட்ட பதிவும் என்.ஓ.சி.யும் கையில் கிடைக்கும் வரை, முன்பணம் தவிர மீதியைக் கொடுக்காமல் நிறுத்திவைப்பதே பாதுகாப்பு.